கடைக்காரர் போட்ட பாஸ்வேர்டும் காணாமல் போன தேதியும்

பதிவு கொஞ்சம் நீளம். கம்பெனி பஸ்ஸில் படித்து இறங்கும் இடத்தைத் தவற விடாதீர்கள். வீட்டுக்குப் போய் சாவகாசமாகப் படிக்கலாம்.

"டீச்சர், போன் காலண்டர்ல போட்டு வச்ச தேதி எல்லாம் காணோம்." இதைப் பழைய மாணவர்களும், அவர்களுடைய அம்மாக்களும், எங்கள் வீட்டுச் சொந்தங்களும் மாற்றி மாற்றிச் சொல்லிக் கேட்டுவிட்டேன். நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்தவள், கம்ப்யூட்டர் படித்தவள் அல்ல. ஓய்வு பெற்ற பிறகு நேரம் இருக்கிறது, பொறுமை ஒன்றாம் வகுப்பு எடுத்து எடுத்துப் பழகிப் போனது. அதனால் ஒவ்வொரு போனையும் வாங்கி உட்கார்ந்து பார்க்கிறேன். பார்த்தவரை எனக்கு ஏற்பட்ட அபிப்பிராயத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான போன்களில் காலண்டர் ஆப்பில் ஒரு கோளாறும் இல்லை. அந்தப் போனில் இருக்கிற அக்கவுண்ட், போனை வைத்திருக்கிறவருடையதாக இல்லை. கோளாறு அங்கேதான்.

முதலில் இந்த 'சிங்க்' என்பது என்ன என்று சொல்கிறேன். போனைத் தமிழில் வைத்திருப்பவர்களுக்கு 'ஒத்திசைவு' என்று வரும். பள்ளிக்கூடத்தில் வகுப்பில் ஒரு வருகைப் பதிவேடு இருக்கும். அதிலிருந்து மாதக் கணக்கு எடுத்து அலுவலகத்துக்கு அனுப்புவோம். பள்ளிப் பதிவேடு நனைந்து போனாலும் அலுவலகத்தில் கணக்கு இருக்கும். நீங்கள் போனில் தேதி போடுவது வகுப்புப் பதிவேட்டில் எழுதுவது மாதிரி. அது இன்டர்நெட் வழியாக கூகுளின் கம்ப்யூட்டருக்கோ ஆப்பிளின் கம்ப்யூட்டருக்கோ போய்ச் சேர்வது அலுவலகத்துக்கு அனுப்புவது மாதிரி. இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று அவ்வப்போது சரிபார்த்து, விட்டதைச் சேர்த்துக்கொள்வதுதான் சிங்க். அலுவலகத்தில் அது யார் பெயருள்ள கோப்பில் போய்ச் சேர்கிறது என்பதுதான் அக்கவுண்ட்.

நம் பகுதியில் இதற்கு முன்னால் ஒரு காலம் இருந்தது, நினைவிருக்கிறதா? ஸ்ரீபெரும்புதூர் சிப்காட்டில் நோக்கியா 2006-இல் வந்தது. 2014 நவம்பர் 1-ஆம் தேதியோடு உற்பத்தி நின்றது. என்னிடம் படித்த பெண் பிள்ளைகள் பலர் யூனிபார்ம் போட்டுக்கொண்டு அந்த பஸ்ஸுக்கு நின்றதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பட்டன் போனிலும் காலண்டர் உண்டு. அதற்கு அக்கவுண்ட் கிடையாது, பாஸ்வேர்டு கிடையாது. போட்ட தேதி போனுக்குள்ளேயே இருந்தது. போன் கிணற்றில் விழுந்தால் தேதியும் கிணற்றில். அது ஒரு குறைதான். ஆனால் தேதி யாரிடம் இருக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. இப்போது போன் கிணற்றில் விழுந்தாலும் தேதி பிழைக்கும், அந்தப் பெயரையும் பாஸ்வேர்டையும் சொல்ல முடிந்தால்.

சொல்ல முடிவதில்லை. போன் வாங்கும் கடையில் என்ன நடக்கிறது? கடைத் தம்பி கவரைப் பிரிக்கிறார், சிம்மைப் போடுகிறார். ஜிமெயில் இருக்கிறதா என்று கேட்கிறார். இவர்கள் முழிக்கிறார்கள். அவரே ஒரு பெயரும் நாலு எண்ணும் சேர்த்து ஒரு முகவரி உண்டாக்கி, பாஸ்வேர்டு போட்டு, ஐந்து நிமிடத்தில் கையில் கொடுத்துவிடுகிறார். சில நேரம் சரிபார்க்கும் எண்ணாகத் தன் நம்பரையே கொடுத்துவிடுகிறார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள், அவருக்குத் தெரிந்த உதவியைச் செய்கிறார். அடுத்த போன் வாங்கும்போது வேறு கடை, வேறு தம்பி, புது முகவரி. பழைய முகவரியில் போட்ட தேதிகள் பத்திரமாக அங்கேயே இருக்கின்றன. புதுப் போனுக்கு அவற்றைத் தெரியாது. "சிங்க் ஆகவில்லை" என்று என்னிடம் வருகிறார்கள். எதோடு எது சிங்க் ஆகும்?

தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கம் நடந்தபோது சாயங்காலம் லாந்தர் வெளிச்சத்தில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தோம். அதில் முதல் வேலை சொந்தப் பெயரை எழுத வைப்பது. கைநாட்டு வைப்பவர் எந்தக் காகிதத்தில் வைக்கிறார் என்று அவருக்கே தெரியாது, அடுத்தவர் சொல்வதுதான். அந்த ஒரு நிலையை மாற்றத்தான் அவ்வளவு பாடு. இன்று அதே வீடுகளில் டிகிரி படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் கடைக்காரர் போட்ட பாஸ்வேர்டில் ஒரு குடும்பத்தின் ஆஸ்பத்திரித் தேதி, தவணைத் தேதி, போட்டோ, பேங்க் மெசேஜ் எல்லாம் ஓடுகிறது. என்னைக் கேட்டால் இதுவும் கைநாட்டுதான். கோபப்படாதீர்கள், டீச்சர் வாய் அப்படித்தான்.

சரி, தேதி காணவில்லை என்றால் என்ன செய்வது? முதலில் செய்யக் கூடாததைச் சொல்கிறேன். ஆப்பை அழித்துவிட்டு மறுபடி போடுவது, 'கிளியர் டேட்டா' அமுக்குவது, போனை ரீசெட் செய்வது. கடையில் கொடுத்தால் முதலில் இதைத்தான் செய்கிறார்கள். மேலே போய்ச் சேராத தேதி போனுக்குள் மட்டும்தான் இருக்கும். 'காலண்டர் ஸ்டோரேஜ்' என்பதைத் துடைத்தால் அதுவும் போய்விடும், பிறகு பிரம்மாவாலும் கொண்டுவர முடியாது.

முதலில் செய்ய வேண்டியது ஒரே ஒரு சோதனை. வேறு ஒரு போனிலோ கம்ப்யூட்டரிலோ பிரவுசரைத் திறந்து, கூகுள் காலண்டர் பக்கத்துக்குப் போய், அதே முகவரியில் உள்ளே நுழைந்து பாருங்கள். பல்பு எரியாவிட்டால், பல்பு போச்சா லைன் போச்சா என்று இன்னொரு ஹோல்டரில் மாட்டிப் பார்க்கிறோமே, அதேதான். அங்கே தேதி இருந்தால், அலுவலகத்தில் கணக்கு இருக்கிறது, கோளாறு உங்கள் போனில். அங்கேயும் இல்லை என்றால், அது மேலே போகவே இல்லை, அல்லது வேறு முகவரிக்குப் போயிருக்கிறது, அல்லது யாரோ அழித்திருக்கிறார்கள். இந்தச் சோதனையைச் செய்யாமல் மற்றதைத் தொட்டால் நேரம்தான் வீண்.

பிரவுசரில் இருக்கிறது, போனில் இல்லை என்றால் பயப்பட ஒன்றும் இல்லை. காலண்டர் ஆப்பில் இடது மேல் மூலையில் மூன்று கோடு இருக்கும். அதைத் தொட்டால் எந்தெந்தக் காலண்டர் இருக்கிறது என்று வரும். பக்கத்தில் இருக்கும் டிக் எடுபட்டிருந்தால் தேதி கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். அதுவும் சரி என்றால் போன் செட்டிங்ஸில் அக்கவுண்ட் பகுதிக்குப் போய், அந்த முகவரியைத் தொட்டு, சிங்க் பட்டியலில் காலண்டர் ஆன் ஆகி இருக்கிறதா பாருங்கள். சார்ஜ் மிச்சம் பிடிக்க 'பவர் சேவிங்' போட்டு வைத்திருப்பவர்களுக்கு சிங்க் தாமதமாகும். போன் தேதியும் நேரமும் தானாக அமையும்படி இருக்க வேண்டும். சில பிள்ளைகள் கேமுக்காக போன் தேதியை மாற்றி வைக்கிறார்கள். அப்பா போனில் மாத்திரை நேரம் தப்பியதற்குக் காரணம் மகன் விளையாடிய கேம் என்று ஒரு வீட்டில் கண்டுபிடித்தேன்.

பிரவுசரிலும் இல்லை என்றால், போனில் இருக்கும் ஒரு பழைய தேதியைத் தொட்டுப் பாருங்கள். அது எந்தக் காலண்டரில் இருக்கிறது என்று கீழே எழுதியிருக்கும். சாம்சங் போனில் புதிதாகத் தேதி போடும்போது, 'மை போன்' என்பதிலா, சாம்சங் அக்கவுண்டிலா, கூகுள் அக்கவுண்டிலா என்று ஒரு வரி வரும். யாரும் அதைக் கவனிப்பதில்லை. 'மை போன்' என்று இருந்தால் அந்தத் தேதி அந்தப் போனை விட்டு வெளியே போகவே போகாது, நோக்கியா காலம் மாதிரி. ஐபோனில் 'டீஃபால்ட் காலண்டர்' என்று ஒன்று இருக்கும். அது ஐகிளவுட் என்று இருந்தால், ஆண்ட்ராய்டு வைத்திருக்கும் வீட்டுக்காரர் தன் கூகுள் காலண்டரில் எவ்வளவு தேடினாலும் வராது. யாரோ அழித்துவிட்டார்கள் என்று சந்தேகம் இருந்தால், கூகுள் காலண்டரை கம்ப்யூட்டர் பிரவுசரில் திறந்து அதிலுள்ள குப்பைத் தொட்டியைப் பாருங்கள். அழித்தது 30 நாள் வரை அங்கே இருக்கும்.

தேதி இருக்கிறது, மணி அடிக்கவில்லை என்பது வேறு நோய். அது சிங்க் அல்ல. ஆண்ட்ராய்டு 13 முதல் ஒவ்வொரு ஆப்புக்கும் நோட்டிபிகேஷன் அனுமதி தனியாகக் கேட்கிறது. அவசரத்தில் வேண்டாம் என்று அமுக்கியிருப்போம். மனைவி பகிர்ந்த காலண்டர் கணவன் போனில் தெரியும், ஆனால் மணியை அவரவர்தான் வைத்துக்கொள்ள வேண்டும். முன்பெல்லாம் கூகுள் காலண்டர் எஸ்எம்எஸ் அனுப்பும். 2019 ஜனவரி 7 முதல் அதை நிறுத்திவிட்டார்கள். அதை நம்பி இருந்த ஒருவர் வெகு நாள் கழித்து என்னிடம் கேட்டார்.

இன்னொன்று, கோளாறே இல்லாத கோளாறு. எங்கள் மாமனார் திதியை சிங்கப்பூரில் இருக்கும் கொழுந்தனார் மகன் காலண்டரில் போட்டு, 'வருடா வருடம்' என்று வைத்து எல்லோருக்கும் பகிர்ந்திருந்தான். நல்ல பிள்ளை. அடுத்த ஆண்டு தேதி தப்பு என்று குடும்பக் குரூப்பில் ஒரே சண்டை. ஆப்புக்கு இங்கிலீஷ் தேதிதான் தெரியும். திதி சந்திரனை வைத்து வருவது, ஆண்டுக்கு ஆண்டு மாறும். நட்சத்திரப் பிறந்தநாளும் அப்படியே. பஞ்சாங்கம் வந்ததும் ஒவ்வோர் ஆண்டும் புதிதாகத்தான் போட வேண்டும். அவன் அங்கே காலை 10 மணி என்று போட்டது இங்கே 7.30 என்று காட்டியதும் தப்பில்லை, அவர்கள் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் இருக்கிறார்கள். நேரம் முக்கியமில்லாத நாளை 'முழு நாள்' என்று போட்டுவிட்டால் அந்தக் குழப்பம் வராது.

பஞ்சாங்கம் என்றதும் ஞாபகம் வருகிறது. 2025-இல் சனிப்பெயர்ச்சி மார்ச் 29 என்று ஒரே பேச்சு. திருநள்ளாறு கோயிலோ எங்களுக்கு இந்த ஆண்டு இல்லை, 2026-இல்தான் என்று சொன்னது. ஒன்று திருக்கணிதம், இன்னொன்று வாக்கியம். இரண்டில் எதுவும் ரிப்பேர் ஆகவில்லை. எந்தப் பஞ்சாங்கப்படி என்று கேட்டால் குழப்பம் தீர்ந்தது. போனிலும் தேதி மாறித் தெரிந்தால் முதல் கேள்வி, எந்த அக்கவுண்ட்?

இப்போது எனக்கு உண்மையிலேயே மனத்தை உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்காக எழுதுவது இது.

என்னிடம் படித்த ஒருவன் இந்தப் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் ஒப்பந்த வேலை. பெயர் வேண்டாம், கம்பெனி பெயரும் வேண்டாம். ஷிப்ட் விவரம் வருவதற்காக அவன் சொந்த போனிலேயே கம்பெனி மெயிலைப் போட்டுக் கொடுத்தார்கள். காலண்டரும் அதோடு வந்தது. வாராவாரம் மாறும் ஷிப்ட் அதில்தான் வரும். நைட் ஷிப்ட் திங்கள் இரவு ஏறினால் செவ்வாய் காலை இறங்கும். எந்த நாள் வீட்டில் இருப்போம் என்பதே அதைப் பார்த்துத்தான் தெரியும். அதனால் வீட்டு விஷயங்களையும் அதிலேயே போட்டுக்கொண்டான். குழந்தைக்குத் தடுப்பூசித் தேதி, அம்மாவுக்கு சர்க்கரை டெஸ்ட், சீட்டுப் பணம், வாடகை. எல்லாம் ஒரே இடத்தில் இருப்பது வசதிதானே.

ஒப்பந்தம் முடிந்தது. அன்று மாலையே மெயில் அடைபட்டது. மறுநாள் போனில் காலண்டர் வெறும் கட்டங்களாக இருந்தது. வேலை போனது ஒரு கவலை என்றால், வீட்டு நாட்களும் சேர்ந்து போனது அவனுக்குப் பெரிய அடி. ஊசி பிறந்ததும், பிறகு 6, 10, 14 வாரங்களிலும், 9-ஆம் மாதத்திலும், 16 முதல் 24 மாதங்களுக்குள்ளும் என்று போகும். வேலை தேடி அலைந்ததில் 14-ஆம் வாரத்து ஊசி தள்ளிப் போய்விட்டது. கிராம சுகாதார செவிலியர் தன் பதிவேட்டைப் பார்த்து வீட்டுக்கே வந்து கேட்டார். தாய்சேய் அட்டையைக் கொண்டு போனார்கள். தாமதமானால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து போடலாம் என்று சொல்லிப் போட்டு விட்டார். குழந்தை நன்றாக இருக்கிறது. காப்பாற்றியது எந்த கிளவுடும் இல்லை, அந்த அம்மாவின் நோட்டும் வீட்டில் இருந்த அட்டையும்.

கம்பெனி பக்கமும் நியாயம் உண்டு. வேலையை விட்டவர் கையில் கம்பெனி மெயில் இருக்கக் கூடாது என்பது சரிதான், நானே ஒத்துக்கொள்கிறேன். பள்ளியை விட்டுப் போகும் ஆசிரியரும் சாவியைக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். ஆனால் சாவியை வாங்கும் தலைமை ஆசிரியர், மேஜை அறையில் இருக்கும் உங்கள் கண்ணாடியையும் குடையையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வார். அதற்கு ஒரு பத்து நிமிடம் தருவார். அந்தப் பத்து நிமிடத்தைத்தான் கேட்கிறேன். எச்.ஆர்.-இல் இருக்கும் என் பிள்ளைகள் சிலர் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். வேலையில் சேரும் நாளிலேயே, இது கம்பெனி காலண்டர், வீட்டு விஷயத்தை இதில் போடாதீர்கள் என்று தமிழில், முடிந்தால் ஹிந்தியிலும் ஒடியாவிலும் ஒரு வரி சொல்லுங்கள். இங்கே வாடகை அறைகளில் தங்கியிருக்கும் வெளிமாநிலப் பிள்ளைகளுக்கு இதையும் யார் சொல்வார்கள்? வெளியே அனுப்பும் நாளில், சொந்தக் குறிப்பு இருந்தால் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அடையுங்கள்.

கம்பெனி கேட்கும் வரை காத்திருக்காதீர்கள். ஒரே ஆப்பில் இரண்டு அக்கவுண்டும் ஒன்றாகத் தெரியும், நிறம் மட்டும் வேறு. ஷிப்ட் கம்பெனி நிறத்தில் வரட்டும், வீட்டுத் தேதி உங்கள் சொந்த முகவரியில் வேறு நிறத்தில் இருக்கட்டும். பார்ப்பதற்கு ஒன்றுதான், போகும்போது பிரிந்துவிடும். ஏற்கெனவே கலந்து போட்டவர்கள் இந்த வாரமே கையால் எழுதி மாற்றுங்கள். இருபது முப்பது தேதிதான் இருக்கும். சொந்த முகவரிகளுக்குள் மாற்றுவதென்றால் கம்ப்யூட்டரில் கூகுள் காலண்டர் செட்டிங்ஸில் 'எக்ஸ்போர்ட்' என்று இருக்கிறது. எல்லாத் தேதியும் ஒரு கோப்பாக வரும், அதை இன்னொரு முகவரியில் 'இம்போர்ட்' செய்துவிடலாம். அந்தக் கோப்பு வடிவம் 1998-லேயே எல்லோருக்கும் பொதுவாக வகுக்கப்பட்டது. கூகுள், ஆப்பிள், மைக்ரோசாப்ட் எல்லாவற்றுக்கும் அது புரியும்.

அப்பா அம்மாவுக்குப் போன் வாங்கித் தரும் பிள்ளைகளுக்கு ஒரு வேலை. அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அவர்கள் பெயரில் ஒரே ஒரு முகவரி. பாஸ்வேர்டு அவர்களே சொல்லி, அவர்களே அடித்தது. சரிபார்க்கும் எண்ணாக அவர்கள் நம்பர், இரண்டாவதாக உங்கள் மெயில். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட பழைய நம்பராக இருக்கக் கூடாது, அது கொஞ்ச காலத்தில் வேறு ஆளுக்குப் போய்விடும். கடைக்காரர் போட்ட முகவரிதான் ஓடுகிறது என்றால், போன் நல்லபடியாக வேலை செய்யும்போதே பாஸ்வேர்டையும் நம்பரையும் மாற்றுங்கள். அதிலேயே, இந்த அக்கவுண்ட் எந்தெந்தக் கருவியில் திறந்திருக்கிறது என்று காட்டும். தெரியாததை வெளியேற்றுங்கள். போன் உடைந்த பிறகு இதைச் செய்வது குதிரைக்கொம்பு. யாரும் தொடாமல் இரண்டு ஆண்டு கிடக்கும் சொந்த அக்கவுண்டுகளை அழிக்கலாம் என்று 2023-இல் கூகுள் விதி போட்டிருக்கிறது, பழைய போனோடு கைவிட்ட முகவரிக்கும் அது பொருந்தும். "உனக்கு ஒன்னும் தெரியாதும்மா, குடு" என்று பிடுங்கி நீங்களே செய்துவிட்டால், கடைத் தம்பி செய்ததற்கும் நீங்கள் செய்ததற்கும் வித்தியாசம் இல்லை.

பேப்பர் காலண்டரைக் கழற்றச் சொல்லவில்லை. 2019 ஜூன் 18 அன்று கூகுள் காலண்டரே சுமார் மூன்று மணி நேரம் உலகில் பல இடங்களில் திறக்கவில்லை. பெரிய பெரிய ஆபீஸ்காரர்களே மீட்டிங் எப்போது என்று தெரியாமல் விழித்தார்களாம். எங்கள் சமையலறையில் தினசரி காலண்டர் தொங்குகிறது. ஆஸ்பத்திரி நாளை அதில் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைக்கிறேன், போனிலும் போடுகிறேன். இரண்டும் ஒத்துப் போகிறதா என்று ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை பார்ப்பேன்.

பக்கத்தில் இருப்பவர்கள் ஞாயிறு காலை 10 மணிக்கு மேல் வீட்டுக்கு வாருங்கள், பார்த்துத் தருகிறேன். போனை சார்ஜ் போட்டுக் கொண்டு வாருங்கள். பெரியவர் போன் என்றால் அந்தப் பெரியவரையும் கூட்டி வாருங்கள், அவர் இல்லாமல் தொட மாட்டேன். வெளியூரில் இருப்பவர்கள் எந்த போன், பிரவுசரில் பார்த்தபோது தேதி இருந்ததா இல்லையா என்ற இரண்டையும் கீழே எழுதினால் போதும். தயவு செய்து பாஸ்வேர்டை எழுதாதீர்கள். போன தடவை இரண்டு பேர் எழுதிவிட்டார்கள், அதில் ஒருத்தி கணக்குப் பாடத்தில் நூற்றுக்கு நூறு வாங்கியவள்.